பள்ளி, விளையாட்டு, பயணம்: மூச்சு முட்டாமல் ஓர் ஆண்டை நடத்த முழுமையான வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் அவசரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூத்தவளுக்குக் காலையில் டியூஷன், இளையவனுக்கு மாலையில் கோச்சிங், நடுவே "இந்த லீவுக்காவது எங்கயாவது போலாம்ப்பா" என்ற கேள்வி. மூன்றுமே நியாயமான ஆசைகள். ஆனால் படிப்பைப் பள்ளியும், விளையாட்டைக் கோச்சும், பயணத்தை அப்பாவின் ஆபீஸ் லீவும் தனித்தனியே முடிவு செய்கின்றன. அதனால்தான் அவை ஒன்றையொன்று இடிக்கின்றன. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே உட்கார்ந்து மூன்றையும் ஒரே தாளில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

படி 1: நகராத தேதிகளை முதலில் எழுதுங்கள்

கட்டம் கட்டமாக உள்ள மாதக் காலண்டர் ஒன்றை அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். போனில் இருக்கும் காலண்டரை ஒருவர்தான் பார்ப்பார். சுவரில் இருப்பதைப் பாட்டியும் பார்ப்பார்.

மாநிலப் பாடத்திட்டம் என்றால் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன் அரையாண்டு, பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் மார்ச்சில் பொதுத்தேர்வு. சிபிஎஸ்இ பள்ளிக்கு ஆண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். போர்டு தேர்வு பிப்ரவரி நடுவில் வந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு பாடத்திட்டமும் இருந்தால், இருவருக்கும் சேர்ந்து கிடைக்கும் நீண்ட விடுமுறை பெரும்பாலும் மே மாதமும் கிறிஸ்துமஸ் வாரமும்தான். அந்த நாட்களை இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழையில் கலெக்டர் அறிவிக்கும் மழை விடுமுறையைப் பள்ளிகள் பின்னர் ஏதாவதொரு சனிக்கிழமையில் ஈடு செய்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் விடும் லீவுக்கும் அதே கதைதான். எனவே அக்டோபரிலிருந்து ஜனவரி வரை சனிக்கிழமையை நம்பி ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

படி 2: ஒரு பிள்ளைக்கு ஒரு விளையாட்டு, அதுவும் பக்கத்தில்

ஸ்கேட்டிங், கராத்தே, செஸ், நீச்சல் என்று நான்கில் சேர்த்துவிட்டு எதிலும் நிலைக்கவில்லையே என்று பிள்ளையைக் கோபிப்பது நியாயமில்லை. சின்ன வயதில் பலவற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதற்குரிய காலம் கோடை. அப்போது மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. அங்கே தொட்டுப் பார்த்து, பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதை மட்டும் ஜூனிலிருந்து தொடருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது அகாடமியின் பெயரைவிடத் தூரத்தைப் பாருங்கள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால், ஒரு மணி நேரப் பயிற்சிக்காக அந்தப் பிள்ளையின் மாலைப் பொழுது முழுவதும் சாலையில் போய்விடும். நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் ஒரு சுமாரான மைதானம் இருந்தாலே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 3: போட்டிக் காலத்துக்கு முன்பே தயாராகுங்கள்

பள்ளி அணியில் பிள்ளை இருந்தால் முதலில் குறுவட்டப் போட்டி, அதில் வென்றால் வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம் என்று ஏணி போகும். வயதுப் பிரிவுகள் 14, 17, 19. முதலமைச்சர் கோப்பை தனியாக வரும். தேதிகள் கடைசி நேரத்தில்தான் தெரியும் என்பதால் பி.இ.டி. சாரின் எண் அம்மா, அப்பா இருவரின் போனிலும் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பள்ளியில் வாங்கிய போனஃபைட் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். போட்டிக்குப் போகும் நாள் வருகைப் பதிவேட்டில் ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று ஏறுகிறதா எனக் கேட்டுக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இயில் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போனவர்களுக்கு உரிய சான்றிதழோடு விலக்குக் கேட்க வழி உண்டு.

போட்டி நாள் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறும் கோ-கோ அணி பத்து மணிக்குப் பெயர் கொடுக்கும். ஆட்டம் வரும்போது உச்சிவெயில் தாண்டியிருக்கும். அதுவரை பிள்ளைகள் மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். பசியில் கடைப் பப்ஸ் தின்றுவிட்டு ஓடினால் வயிற்றைப் பிடிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், கடலை மிட்டாய், கெடாத எலுமிச்சை சாதம், தொப்பி, மாற்றுச் சட்டை ஆகியவற்றை முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்த அன்று மாலை டியூஷனுக்கு அனுப்பாதீர்கள்.

படி 4: தூக்கத்துக்கும் வெறும் நாளுக்கும் இடம் ஒதுக்குங்கள்

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சியே இருக்கக் கூடாது என்றும் அதே அமைப்பு வலியுறுத்துகிறது. காலை ஐந்து மணிக்கு எழுப்புவதானால் பதின்ம வயதுப் பிள்ளைக்கு இரவு ஒன்பதுக்கே, 12 வயதுக்குள் என்றால் எட்டுக்கே விளக்கு அணைய வேண்டும். அது முடியாத வீட்டில் காலைப் பயிற்சியும் இரவு டியூஷனும் சேர்ந்து இருக்க முடியாது; இரண்டில் ஒன்றை விடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எதுவுமே இல்லாமல் இருக்கட்டும். காலண்டரில் அதற்கும் வட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் யார் வீட்டுக் காதுகுத்தாவது வந்து அதை எடுத்துக்கொள்ளும்.

படி 5: பயணத்தைத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம், இரண்டு சின்னப் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அரையாண்டு முடிந்து டிசம்பர் 24 அன்று கிளம்ப நினைத்தால், அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு டிக்கெட் திறக்கும். அந்த நாளையும் காலண்டரில் குறியுங்கள். நெல்லை, பொதிகை போன்ற ரயில்களில் விடுமுறை நாள் டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆன்லைன் தட்கலுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் ஐஆர்சிடிசி கணக்கில் அதை முன்பே முடித்துவையுங்கள். 5 வயது நிரம்பி 12 நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

இடமும் காலத்தைப் பொறுத்தது. குற்றாலத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன். டிசம்பர் மழையில் போனால் வெள்ளத்தால் அருவியில் குளிக்கத் தடை விதித்திருப்பார்கள். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் என்றால் சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பஸ்ஸில் போனால் வேண்டாம். பிள்ளைகளோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறுவது இன்னும் நல்லது. 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆனாலும் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து எஞ்சின் ஏறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அறிவியல் வகுப்பே தேவையில்லை.

தேர்வுக்கு முந்தின வாரமும் பொதுத்தேர்வு ஆண்டின் ஜனவரிக்குப் பிறகும் பயணம் வேண்டாம். பள்ளி திறப்பதற்கு முந்தின நாளே வீடு திரும்புங்கள். துணி துவைக்கவும் விட்டுப்போன ஹோம்வொர்க்கை முடிக்கவும் அந்த நாள் தேவை.

படி 6: அம்மாவுக்கும் அது விடுமுறையா என்று பாருங்கள்

இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவிக் கட்டுவதில் தொடங்கி, போன இடத்திலும் சமையல், வந்த பிறகு மூட்டைத் துணி என்றால் அந்தப் பயணத்தில் ஒருவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. மாலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போவதும் பெரும்பாலும் அம்மாதான். காலண்டரில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே யார் செய்வது என்று பெயர் எழுதுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் ஷூவை, ஜெர்சியைத் தானே துவைத்துக்கொள்ளலாம். அப்பா புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னால் ஆபீஸிலிருந்து கிளம்பலாம்.

படி 7: போட்டியும் பயணமும் ஒரே நாளில் வந்தால்

டிக்கெட் போட்ட நாளிலேயே மாவட்டப் போட்டி வந்துவிடும், இது நடக்கும். பிள்ளையைப் போட்டியிலிருந்து இழுக்காதீர்கள். அணியில் மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவன் இல்லாமல் அவர்களும் ஆட முடியாமல் போகலாம். சித்தப்பாவோ மாமாவோ அவனோடு இருந்து மறுநாள் பஸ்ஸில் அழைத்து வர முடியுமா என்று டிக்கெட் போடும் நாளிலேயே கேட்டுவையுங்கள். யாரும் இல்லையென்றால் அப்பா இருக்கட்டும், அம்மாவும் மற்றவர்களும் கிளம்பட்டும்.