தூண்டில் முள்ளையும் நரம்பையும் எப்போது மாற்றலாம்?

மீன் கடித்தும் கைக்கு வராமல் போகிறதா? மழுங்கிய முள்ளோ நைந்த நரம்போ காரணமாக இருக்கலாம். நரம்பு அறுந்தால் நமக்கு ஒரு மீன்தான் நட்டம். அந்த மீனோ வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் அலைய வேண்டும். அறுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அறிகுறி தெரிந்ததுமே மாற்றிவிடுங்கள்.

1. முள்ளின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் சோதியுங்கள். முனையை நகத்தின் மேல் வைத்து, அழுத்தாமல் மெல்ல இழுங்கள். பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கிப் போனால் மழுங்கிவிட்டது. பாறையில் மாட்டி மீண்ட முள்ளை அப்போதே இப்படிப் பார்ப்பது நல்லது.

2. பெரிய முள் மழுங்கினால் மெல்லிய அரத்தால் ஓரிரு முறை தீட்டிக்கொள்ளலாம். சின்ன முள்ளைத் தீட்ட வேண்டாம். முனை மெலிந்து மடங்கிவிடும். புதிது கட்டுவதே மேல்.

3. முனையில் துரு ஏறிய முள் மீனின் வாயில் இறங்காது. நரம்பு கட்டும் கண்ணில் துரு இருந்தால் அது முடிச்சையே அறுத்துவிடும். இரண்டில் எது தெரிந்தாலும் முள்ளைக் கழித்துவிடுங்கள்.

4. பெரிய மீன் இழுத்து வளைவு விரிந்த முள்ளைக் குறடால் மறுபடி வளைத்துப் பயன்படுத்தாதீர்கள். வளைந்து நிமிர்ந்த இடத்தில் உலோகம் பலம் இழந்திருக்கும். அடுத்த மீனுக்கு அங்கேயே ஒடியும்.

5. ஒவ்வொரு முறையும் தூண்டில் போடுவதற்கு முன், நுனியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் நரம்பை விரல்களுக்கு இடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்போ கீறலோ தட்டுப்பட்டால் அதற்கு மேலே வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள். கழிமுகங்களில் ஆளி ஒட்டிய கற்கள் நரம்பை எளிதில் அறுக்கும் என்பதால், அங்கே நடுநடுவேயும் பார்க்க வேண்டும்.

6. வெயில் பட்டுப் பட்டு நைலான் நரம்பு பலம் இழக்கும். நிறம் வெளுத்து மங்குவது, ரீலை விட்டு வந்தும் சுருள் சுருளாகவே நிற்பது, முடிச்சை இறுக்கும்போதே அறுவது ஆகியவை மாற்றச் சொல்லும் அறிகுறிகள். வாரந்தோறும் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது முழு நரம்பையும் மாற்றிவிடுவது நல்லது.

7. பின்னல் நரம்பு நைலானைவிட அதிக நாள் உழைக்கும். சாயம் போனதால் மட்டும் அதைக் கழிக்க வேண்டாம். இழை பிரிந்து பஞ்சு போல் எழும்பினால்தான் மாற்ற வேண்டும். ரீலின் அடியில் கிடக்கும் பகுதி பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். தலைகீழாகச் சுற்றினால் இன்னும் சில காலம் ஓட்டலாம்.

8. முள்ளுக்கு மேலே கட்டும் லீடரை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் தடவிப் பாருங்கள். சீலா, வஞ்சிரம் இரண்டுக்கும் பல் கூர்மை. கொடுவாவுக்குச் செவுள் மூடி கத்தி போல் வெட்டும். எஃகுக் கம்பி லீடர் மடங்கி முறுகினால், அதை நிமிர்த்திக் கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

9. சுவிவலை விரலால் சுழற்றிப் பாருங்கள். திக்கித் திக்கிச் சுற்றினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். ஸ்னாப் சரியாகப் பூட்டாவிட்டாலும் புதிது போடுங்கள்.

10. புது நரம்பும் அடிக்கடி நைகிறதா? ராடின் வளையங்களுக்குள் பஞ்சை விட்டுச் சுற்றித் துடையுங்கள். இழை மாட்டும் இடத்தில் விரிசல் இருக்கிறது. அந்த வளையத்தை மாற்றாமல் எத்தனை நரம்பு வாங்கினாலும் வீண்.

11. வீடு திரும்பியதும் முள், சுவிவல், நரம்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈரமான ஒரு முள்ளைப் பெட்டியில் போட்டால் கூட இருக்கும் புது முட்களும் துருப்பிடிக்கும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

12. கழித்த நரம்பைக் கரையிலோ தண்ணீரிலோ ஒருபோதும் எறியாதீர்கள். நைலான் எளிதில் மக்காது. நாரையின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் சுற்றி அவற்றைக் கொன்றுவிடும். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள், எரிக்க வேண்டாம். பழைய முள்ளின் முனையைக் குறடால் நறுக்கி, மூடி உள்ள டப்பாவில் போட்டுக் கொடுத்தால் குப்பை எடுப்பவர் கையில் குத்தாது.

இத்தனையும் பார்க்க நேரம் இல்லாத நாளில், முள்ளின் முனை, கடைசி முடிச்சு, நுனி நரம்பு ஆகிய மூன்றையாவது பாருங்கள். முதல் நாள் இரவே பார்த்துவிட்டால், மாற்ற வேண்டியதை வெளிச்சத்தில் நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம்.