உழைக்கும் உடலுக்குக் குளிர்ச்சி: ஓர் உடல்நலப் பாடம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முதல் மூலதனம் பங்குத்தொகை என்று ஏடுகள் கூறும். நாமோ, அங்கத்தினரின் உடல்நலமே முதல் மூலதனம் என்போம். தறியில் அமரும் இடுப்பு ஓய்ந்துவிட்டால் நூல் இருப்பால் பயனில்லை. வாழைத்தார் சுமக்கும் தோள் சாய்ந்துவிட்டால் கடன் தவணை தவறுகிறது. தவணை தவறிய கணக்குகளின் காரணத்தை விசாரிக்கும்பொழுது, சோம்பலை விட நோயையும் காயத்தையுமே நாம் மிகுதியாகக் காண்கிறோம். ஆகவே, குளிர்ச்சியைக் கொண்டு உடலைத் தேற்றும் முறையை இத்திங்களின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பனிக்கட்டி நிரப்பிய தொட்டியில் அமரும் வழக்கம் பற்றி அண்மைக் காலத்தில் பெரும் பேச்சு எழுந்துள்ளது. விளையாட்டு வீரர்கள் அவ்வாறு செய்வதை நம் இளைஞர்கள் கைப்பேசியில் காண்கின்றனர். அதற்கெனத் தனித் தொட்டிகளும் விலைக்கு வந்துவிட்டன. இது நமக்கு வேண்டுமா? எங்கே பயன்படும், எங்கே பயன்படாது? இவற்றை அறிந்துகொண்டால் வீண் செலவு குறையும். சில வேளைகளில் உயிரும் பிழைக்கும்.

நம் வட்டாரத்தின் தேவை

பொன்மலையை நடுவாக வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ஆம் ஆண்டில் இங்கு மாற்றப்பட்ட இரயில்வே தொழிற்சாலையில் இரும்போடும் நெருப்போடும் பழகுவோர் உள்ளனர். நகரின் மேற்கே உறையூரில் தறி நெய்வோர் உள்ளனர். வடக்கே திருவரங்கத் தீவிலும் காவிரிக் கரைகளிலும் நெல்லும் வாழையும் விளைவிப்போர் உள்ளனர். மூவருக்கும் பொதுவான பகை கோடை வெப்பம். சித்திரை, வைகாசியில் நிழலிலும் 40 டிகிரி சென்டிகிரேடு காண்பது இங்குப் புதிதன்று.

நெசவாளருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. பருத்தி நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். ஆதலின் தறிக்கூடத்தின் சாளரங்களை அடைத்து வைப்பவர் பலர். நூலுக்கு நலம் செய்யும் அவ்வீரமே உடலுக்குத் தீங்காகிறது. மண்பானை நீர் எவ்வாறு குளிர்கிறது? பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்பொழுது வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நம் வியர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் பானையும் குளிராது, உடலும் குளிராது. வியர்வை வழிந்தோடினால் மட்டும் போதாது. அது உலர வேண்டும்.

குளிர்ச்சி செய்வது யாது?

ஒரே வெப்பநிலையில் உள்ள காற்றை விட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். குளிர்ச்சி பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நரம்புகள் செய்தி கடத்தும் வேகம் குறைகிறது. ஆகவே வலி மட்டுப்படுகிறது. மிகக் குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் மூச்சுத் திணறும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே, குளிர்ச்சி மருந்தைப் போன்றது. அளவும் இடமும் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

நீர் மருத்துவம் பழமையானது. ஜெர்மனியின் பவேரியாவில் பாதிரியார் செபாஸ்டியன் நைப் (1821–1897) அதனைப் பரப்பினார். காந்தியடிகள் லூயி கூனே என்பவரின் நூலைப் படித்து இடுப்புக் குளியலில் நம்பிக்கை கொண்டார். தம் மகன் மணிலாலுக்குக் கடுங்காய்ச்சல் கண்டபொழுது ஈரத்துணி சுற்றி மருத்துவம் செய்தார். மகன் பிழைத்தான். எனினும், அது கடவுள் அருளாலா, நீர் மருத்துவத்தாலா, உணவுக் கட்டுப்பாட்டாலும் பணிவிடையாலுமா என்று யார் சொல்ல முடியும் என அடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நாமும் அந்த நேர்மையோடுதான் இம்முறையை ஆராய வேண்டும்.

ஆராய்ச்சிகள் கூறுவன

உடற்பயிற்சிக்குப் பின் குளிர்நீரில் அமர்வது பற்றிய 17 சிறு ஆய்வுகளை, 366 பேர் பங்குகொண்டவற்றை, 2012-இல் ஒன்றுசேர்த்து மதிப்பிட்டனர். சும்மா ஓய்வெடுப்பதை விட, அடுத்த நாட்களில் தோன்றும் தசைவலி குறைந்தது என்பதே முடிவு. அவற்றில் பெரும்பாலும் பயன்பட்ட நீர் 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்தது. நம் காவிரி மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே ஆற்றுக் குளியலால் அயர்ச்சி தீரும், உறக்கம் வரும் என்று கூறலாமேயன்றி, அந்த ஆய்வின் பலனை அப்படியே எதிர்பார்க்கலாகாது.

நெதர்லாந்தில் 3,018 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடி வரை குளிர்நீரில் நின்றவர்கள், நோயால் வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்றிருந்த நாட்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நோய் வராமற் போகவில்லை. அதனைத் தாங்கி வேலைக்குச் செல்லும் ஊக்கம் கூடியிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். மேலும், தசை வலுப்பெறப் பயிற்சி செய்வோர் ஒவ்வொரு முறையும் உடனே குளிர்நீரில் அமர்ந்தால் தசை வளர்ச்சி குறைகிறது என 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எப்பொழுது, எவ்வாறு?

1. வெப்பத்தாக்கு. குளிர்ச்சி உயிர் காக்கும் இடம் இதுவே. வெயிலில் உழைத்தவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ வெப்பத்தாக்கு என்றே கொள்க. உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். வியர்வை இருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, குடங்குடமாக நீர் ஊற்றி விசிறுங்கள். மாட்டுக்கு நீர் வைக்கும் தொட்டி அருகில் இருந்தால், தலையை மேலே தாங்கிப் பிடித்து அதில் கழுத்தளவு அமர்த்தலாம். தார்ப்பாயின் விளிம்புகளைச் சிலர் தூக்கிப் பிடிக்க, நடுவில் அவரைக் கிடத்தி நீரும் பனிக்கட்டியும் இடுவது தேர்ந்த முறை. பனிக்கட்டி சிறிதே இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். அரைமணி நேரத்திற்குள் உடல் குளிர வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

2. தீப்புண். சாயத் தொட்டியின் கொதிநீரோ அடுப்பின் கஞ்சியோ பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒரு நாழிகைக்கு நான்கு நிமிடமே குறைவு, பொறுமையோடு பிடியுங்கள். வளையல், மோதிரங்களை வீக்கம் காணுமுன் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது புண்ணை ஆழமாக்கும். மை, மாவு, பற்பசை எதுவும் தடவாதீர்கள். உள்ளங்கையினும் பெரிய புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. சுளுக்கும் அடியும். பனிக்கட்டியை ஈரத்துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டொரு மணி கழித்து மீண்டும் வைக்கலாம். முதல் இரண்டு நாட்களுக்கு இது வலியைத் தணிக்கும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நால்வகை விதியை 1978-இல் வகுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே எழுதினார். ஆதலின் வலி தணிந்ததும் மெல்ல அசைக்கத் தொடங்குங்கள். நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிடில் எலும்பு முறிவு இருக்கலாம், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

4. நாட்பட்ட வலி. குழித்தறியில் நாள் முழுதும் மிதிப்பவரின் இடுப்பு விறைப்புக்குக் குளிர்ச்சியை விட வெந்நீர் ஒத்தடமே பெரும்பாலும் இதமளிக்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது இரண்டினும் மேலானது.

5. காய்ச்சல். நோய்க் காய்ச்சல் வேறு, வெப்பத்தாக்கு வேறு. காய்ச்சலில் பனிநீர் ஊற்றினால் நடுக்கம் கண்டு துன்பம் மிகும். நீராகாரமும், மெல்லிய ஆடையும், மருத்துவர் கூறிய மருந்துமே போதும்.

விலக்க வேண்டியவை

இதய நோயும் மிகுந்த இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பனிநீரில் இறங்கலாகாது. நீரிழிவால் கால் மரத்தவர்கள் பனிக்கட்டியைக் காலில் வைத்தால் தோல் கருகுவதும் தெரியாது. பாம்புக் கடிக்குப் பனிக்கட்டி வைத்தலும், இறுகக் கட்டுதலும், கீறுதலும் கேடு; கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைக. ஆற்றில் குளிப்போர், அணைகளில் நீர் திறந்த காலத்தில் ஒழுக்கு விரைந்து ஏறும் என்பதையும், மணல் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து தெரியா என்பதையும் மறவாதிருக்க வேண்டும். மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது.

சங்கம் செய்யக்கூடியது

ஒருவர் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்குவதே கூட்டுறவு. விலையுயர்ந்த பனித்தொட்டி நமக்கு வேண்டாம். ஒரு தார்ப்பாய், நீர் நிரம்பிய ஒரு பீப்பாய், பனிக்கட்டி வைக்க ஒரு பெட்டி, ஒரு வெப்பமானி, சில பருத்தித் துண்டுகள் ஆகியவற்றைச் சங்கக் கட்டடத்திலும் களத்து மேட்டிலும் தறிக்கூடத்திலும் பங்குனி பிறக்குமுன் வைத்துவிடலாம். பொதுக்குழுவின் ஒப்புதலோடும் விதிகளுக்கு உட்பட்டும் பொதுநன்மை நிதியிலிருந்து இச்செலவைச் செய்வது தகும். கடும் வெயில் நாட்களில் சரக்கு எடைபோடும் நேரத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்தது. அதனால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. சங்கக் காரியதரிசிகள் இதனை அறிந்து அங்கத்தினருக்குக் கூறுவது கடமை. ஆயினும் நிவாரணம் பெற்ற குடும்பத்தை விட, ஒரு குடம் நீரால் தலைவரைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பமே பேறு பெற்றது.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. மழைக்காலத்தில் மண்பானை நீர் ஏன் நன்கு குளிர்வதில்லை? இதனால் தறிக்கூடத்தைப் பற்றி நாம் அறிவது யாது?
2. வெப்பத்தாக்குக்கும் நோய்க் காய்ச்சலுக்கும் செய்யும் உதவியில் உள்ள வேறுபாடு என்ன?
3. தீப்புண்ணுக்குப் பனிக்கட்டி ஏன் ஆகாது?
4. உங்கள் களத்திலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் நீர்த்தொட்டி எத்தனை அடித் தொலைவில் உள்ளது? இன்றே அளந்து குறித்து, அடுத்த கூட்டத்தில் படிக்க.