ஓவியக் கூடத்திற்குப் புறப்படுமுன்

முன்னொரு முறை நம் மாணவர்களைத் தலைநகரில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றேன். அரை மணி நேரத்தில் அனைத்தையும் ஓடி முடித்துவிட்டனர். திரும்பும் வழியில், “என்ன பார்த்தீர்கள்?” என வினவினேன். “ஐஸ்கிரீம் வண்டி, சார்!” என்றான் ஒருவன். பிழை அவனுடையதன்று, முன்னேற்பாடின்றி அழைத்துச் சென்ற என்னுடையதே.

ஆதலால் இம்முறை கோலாலம்பூர் தேசிய ஓவியக் கூடப் பயணத்தை வகுப்பறையிலேயே தொடங்குவோம். 1958-இல் ஜாலான் அம்பாங்கில் தோன்றிய இக்கூடம், 1984-இல் புகைவண்டி நிலையத்தின் எதிரேயுள்ள மெஜஸ்டிக் ஓட்டல் கட்டடத்திற்கும், 1998-இல் இஸ்தானா புடாயாவின் அருகிலுள்ள இன்றைய கட்டடத்திற்கும் மாறியது. பெயர்ப்பலகையில் ‘பாலாய் செனி நெகாரா’ என்றிருக்கும். பத்தாங் காலியில் கொமுட்டர் ஏறியும் தலைநகர் செல்லலாம். சிறுவர்களுடன் செல்லப் பேருந்தே நன்று.

கூடத்திற்குச் சொந்தமான ஓவியங்கள் யாவும் எந்நாளும் சுவரில் இரா. இடம் போதாது, இடைவிடாது ஒளி பட்டால் வண்ணமும் மங்கும். எனவே காட்சிகள் மாறிக்கொண்டேயிருக்கும். எவை காட்சியில் உள்ளன, கட்டணம் உண்டா, பைகளை எங்கே வைப்பது என்பவற்றை முன்னரே கேட்டறிதல் ஆசிரியர் கடமை.

அங்கே மூன்று ஓவியங்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நிற்போம். தமிழகத்தின் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற மலேசிய ஓவியர் சையது தாஜுதீன் இராமாயணக் காட்சிகளைத் தீட்டியவர். அவர் படைப்பு காட்சியில் இருப்பின் அதுவே முதலாவது. கதை நமக்குத் தெரியும்; அதை அவர் எவ்வண்ணங்களில் சொல்கிறார் எனப் பாருங்கள்.

“படம் பார்க்கவா ஒரு நாள் கூலியை இழப்பது?” எனப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையைக் கருதியுள்ளோம். செம்பனைக் குலையின் நிறத்தைக் கண்டே பழுத்ததா எனக் கூறுபவர்கள் நீங்கள். பட்டையின் ஆழமறிந்து பால்மரம் சீவிய கைகளும் நம்மிடையே உண்டு. நிறத்தையும் நுட்பத்தையும் காண அத்தகைய கண்களே வேண்டும். எனக்கோ அப்பயிற்சி இல்லை. ஆகவே துணைக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்குக் காட்டித் தரவும் வாருங்கள்.

மாணவர்களே, ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொண்டு வருக. பேனா வேண்டா, மை தெறித்தால் ஓவியம் பாழாகும். ஐஸ்கிரீம், பார்த்து முடித்த பின்னர்.