ஒரு வீடு, மூன்று வகுப்பு

"ஏம்மா, கடைசியில சர்டிபிகேட்டு யாரு குடுப்பா?"

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறோம் என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இது. வீட்டுக்கல்வி பற்றி நான் வாசித்த புத்தகங்கள் இந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளியிருந்தன. முதல் பக்கங்களில் பிள்ளையின் ஆர்வம், அதன் வேகம், அதன் மனம். எங்கள் வீட்டில் மாமியாரின் வரிசை மூத்தவளுக்குப் பொருந்தியது. புத்தகங்களின் வரிசை கடைக்குட்டிக்குப் பொருந்தியது. நடுவுள்ளவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் சாலைப் பக்கம். கணவருக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவருக்கு ஆபீஸ். வீட்டுக்கல்வி தொடங்கியபோது மூத்தவளுக்கு ஒன்பதாம் வகுப்பு வயது, நடுவுள்ளவனுக்கு ஐந்தாம் வகுப்பு, கடைக்குட்டிக்கு ஒன்றாம் வகுப்பு. பாடம் சொல்லித்தர ஒரே ஆள், நான்.

மூன்று பேருக்கும் பாடத்திட்டம் தேடி அலைந்ததில் எனக்குத் தெளிவானது இவ்வளவுதான்: பெரிய பிள்ளைக்கு எழுதப்போகும் தேர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள். சின்னப் பிள்ளைக்கு அது இன்று நிற்கும் இடத்திலிருந்து முன்னோக்கிப் போங்கள். ஒரே கம்பெனியின் ஒரே பாடத்திட்டத்தை மூன்று பேருக்கும் மொத்தமாக வாங்காதீர்கள்.

கைவிட்டுப் போவதை முதலில் எழுதுங்கள்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக்கல்விக்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆகவே, இதற்கு அனுமதிச் சீட்டு என்று எதையும் யாரும் தரமாட்டார்கள்.

சலுகைகளையும் கணக்கில் வையுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பிலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் இருக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளிப் படிப்பை வைத்தே கிடைக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை இல்லை. மதிய உணவு, விலையில்லாப் புத்தகம், சைக்கிளும் இல்லை. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு தாயிடம் இந்தப் பட்டியலைத்தான் முதலில் நீட்டினேன். "அப்ப ஸ்கூலே இருக்கட்டும்க்கா" என்றார். அவர் வீட்டுக்கு அது நல்ல முடிவு.

மூத்தவள்: தேர்விலிருந்து பின்னோக்கி

பதினாலு வயதை நெருங்கும் பிள்ளைக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் இந்த நிறுவனம் 1989-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடங்கள் தேற வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்பு வரை உண்டு. ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் தேர்வு நடப்பதால் பாடங்களைப் பிரித்து எழுதலாம். கணக்கு, அறிவியலோடு ஓவியம், மனையியல், உளவியல் போன்றவற்றையும் எடுக்கலாம். தமிழ்வழியில் எழுதவும் முடியும். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா, செய்முறை வகுப்புக்குப் பக்கத்தில் மையம் எது என்று பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனித்தேர்வராக எழுதுவது. பள்ளியில் படிக்காத பிள்ளை முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டும். அதற்கு வயது பன்னிரண்டரை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்குத் தனியாக முன்கூட்டியே பதிய வேண்டும். அறிவிப்பு நாளிதழில் சின்னதாக வரும், கண் வைத்திருங்கள்.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுத் தேர்வு. பாடம் ஆழமாக இருக்கும், கட்டணமும் அப்படியே. தனியாக எழுதுகிறவர்களை ஏற்கும் தேர்வு மையத்தை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூத்தவளிடம் எல்லாவற்றையும் விரித்துவைத்து, "பத்து முடிச்சு என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று கேட்டோம். கடல் உயிரியல் படிக்க ஆசை என்றாள். அப்படியானால் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும், அதற்குப் பத்தில் கணக்கும் அறிவியலும் உறுதியாக இருக்க வேண்டும். பாடங்களைப் பிரித்து எழுதும் வசதிக்காகத் திறந்தநிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். அதன் பிறகு அவளுக்கான புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. தேர்வு வாரியத்தின் புத்தகமே பாடத்திட்டம். மற்றவை துணை நூல்கள். அரசு வேலை மனதில் இருந்தால், எந்தச் சான்றிதழை எதற்கு இணையாக மாநில அரசு ஏற்கிறது என்ற அண்மை அரசாணையையும் வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

கடைக்குட்டி: பிள்ளையிலிருந்து முன்னோக்கி

ஆறு வயதுக்காரனுக்குப் பெட்டி பெட்டியாகப் பாடத்திட்டம் விற்கிறார்கள். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றைத் தெரிந்தவர் வீட்டில் பிரித்துப் பார்த்தேன். அச்சும் படமும் அருமை. காசுக் கணக்கு டாலரிலும் சென்ட்டிலும், வெப்பம் ஃபாரன்ஹீட்டில், குளிர்காலத்தில் பனிமனிதன். வாடைக்காற்றும் மழையும்தான் எங்கள் பையனுக்குத் தெரிந்த குளிர்காலம்.

அவனுக்குத் தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகமே போதுமாக இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பருவத்துக்கு ஒன்று என்று பிரிந்திருப்பதால் பிள்ளைக்கும் மலைப்பில்லை. 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்க்கும் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் பையன் கணக்கில் மலர், வாசிப்பில் அரும்பு. அதனால் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நூலகத்துக் கதைப் புத்தகங்களுக்கு நேரம் கூட்டினேன். இந்த வயதில் எழுத்துக்கூட்டி வாசிப்பதும், நூறு வரை எண்ணுவதும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதும் வந்துவிட்டால் மற்றது பின்னால் வரும்.

நடுவுள்ளவன்: பாடத்துக்கு ஒரு வகுப்பு

நான்கு முதல் ஏழு வரையுள்ள வகுப்புகளில் தேர்வு நெருக்கடி இல்லை, அதனால் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். எனக்கு உதவியது ஒரு சின்னச் சோதனை. முந்தைய வகுப்பின் கடைசிப் பருவத்திலிருந்து பத்துக் கணக்கு கொடுங்கள். எட்டு வந்தால் மேலே போகலாம். ஐந்துக்குக் கீழே என்றால் அந்த வகுப்புப் புத்தகத்தையே எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்றால் தடுமாறிய பாடத்தை மட்டும் திரும்ப நடத்துங்கள். இப்படிப் பார்த்ததில் என் மகன் அறிவியலில் ஆறாம் வகுப்பு, பின்னத்தில் நான்காம் வகுப்பு. வயது பத்து என்பது எதையும் தீர்மானிக்கவில்லை.

புத்தகங்களை ஒப்பிட ஒரு வழி: எல்லாவற்றிலும் ஒரே பாடத்தைத் திறந்துவையுங்கள். நான் பின்னத்தைத் திறந்தேன். மாநிலப் புத்தகம், என்.சி.இ.ஆர்.டி., ஒரு தனியார் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செய்துகாட்டிய கணக்கு எத்தனை, பயிற்சிக் கணக்கு எத்தனை என்று பார்த்தேன். இன்னொரு கேள்விதான் முக்கியம்: இந்தப் பாடத்தை நடத்த நான் பக்கத்தில் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும்? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது அம்மாவின் நேரம். மிக நல்ல புத்தகமே ஆனாலும், நாள்தோறும் ஒரு மணி நேரம் என்னை இழுத்து வைத்துக்கொள்ளும் என்றால் அதை ஒரு பாடத்துக்கு மேல் எடுக்கவில்லை.

ஒரே அறையில் பல வகுப்பு என்பது நம் தொடக்கப் பள்ளிகளுக்குப் பழக்கமானதுதான். 2007-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளுக்கு மூலம், ஆந்திராவின் ரிஷிவேலியில் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்திய முறை. ஏணிப்படி போல வரிசைப்படுத்திய அட்டைகள். அடுத்து எந்த அட்டை என்று பிள்ளைக்கே தெரியும். அதே மாதிரி ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். "எம்மா, அடுத்து என்ன?" என்ற கேள்வி குறைந்தது. அந்த நேரத்தில் மூத்தவளின் இயற்கணிதத்துக்கு உட்கார முடிந்தது.

பிரிக்க வேண்டியவை, சேர்க்க வேண்டியவை

கணக்கும் மொழியும் படிப்படியாக ஏறுபவை, அவற்றை ஆளுக்கொன்றாகவே வைக்க வேண்டும். அறிவியல், வரலாறு, புவியியலைச் சேர்த்து நடத்தலாம். ஒரே பொருள், மூன்று ஆழம். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குட்டி மொட்டைமாடியில் தட்டில் கடல்நீரை வைத்து, என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தான். நடுவுள்ளவன் தினமும் நீர்மட்டத்தை அளந்து வரைபடம் போட்டான். மூத்தவளை உப்பளத்துக்குக் கூட்டிப்போனோம். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் சுமார் 3 டிகிரி; பாத்தி பாத்தியாகக் காய்ந்து 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு விளையத் தொடங்குகிறது. அதற்குள் நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிவிடும். ஜிப்சம் ஏன் முந்துகிறது, மக்னீசிய உப்புகள் ஏன் கடைசிவரை நீரிலேயே நிற்கின்றன என்று தேடிப்போனதில் கரைதிறன் பாடம் அவளுக்கு முடிந்துவிட்டது.

முத்தும் அப்படித்தான். இங்கே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துகளை அளவு பிரிக்க 20 துளை முதல் 1,000 துளை வரை பத்துச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். கடைக்குட்டி பயறு வகைகளை வீட்டுச் சல்லடைகளில் பிரித்தான். குளித்தெடுத்த சிப்பியில் குளியாட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு நடுவுள்ளவனின் பின்னத்துக்கு வந்தது. முத்தின் மதிப்பை எடையின் வர்க்கத்தை ஒட்டிப் போட்ட வியாபாரிகளின் வழக்கம் மூத்தவளுக்கு. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை, 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள் என்பது மூவருக்கும் பொதுவான வரலாறு.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள மொட்டைமாடியில் அந்த மழை முழுவதும் தேங்கினால் எத்தனை லிட்டர்? 57,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி என்றால் கிட்டத்தட்ட ஐந்து லாரி. துறைமுகத்தின் வடக்கு அலைதடுப்புச் சுவர் 4,098.66 மீட்டர், தெற்குச் சுவர் 3,873.37 மீட்டர். தசமக் கழித்தலுக்கு இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. இவை வாரத்துக்கு ஒரு மதியம் மட்டும். மூன்றில் ஒரு பங்கு என்ன என்று முத்துக்கதையில் புரியும். பின்னங்களைக் கூட்டக் கை பழகுவதற்கு நோட்டில் சலிக்கச் சலிக்கப் போட்டால்தான் உண்டு.

நாட்காட்டியும் நோட்டும்

ஆண்டை ஊருக்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கரையில் வலை பின்னுவதையும் படகு பழுது பார்ப்பதையும் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கும் காலம் அது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவை ஒட்டி ஊரே திருவிழாவில் இருக்கும். அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்குவதில்லை. மழைக்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட ஏற்றது.

ஆளுக்கொரு நோட்டில் நடத்திய பாடம், தேதி, சோதனைத் தாள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். பருவம் முடியும்போது அதைப் பார்த்துத்தான் புத்தகத்தை மாற்றுவதா, தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். நடுவில் மாற்றாதீர்கள். பிள்ளை நாலு நாள் சிணுங்குவது புத்தகத்தின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குத் திரும்பும் வழி

கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையையும் பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம்; கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்று சொல்லி மறுக்கக் கூடாது. அதனால் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் மாநிலப் புத்தகத்தையே முதுகெலும்பாக வைத்தேன். மேலே எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், பள்ளிக்குப் போனால் பாடம் அந்நியமாக இருக்காது.

இது பயன்பட்டது. ஏழாம் வகுப்பு வயது வந்ததும் நடுவுள்ளவன், "எம்மா, நான் ஸ்கூலுக்குப் போறேன். பயலுவகூட ஃபுட்பால் ஆடணும்" என்றான். நோட்டுகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்பிலேயே உட்கார வைத்தார். இப்போது கடைக்குட்டிக்கு அடுத்த பருவப் புத்தகம், மூத்தவளுக்கு அக்டோபர் தேர்வுக்கான இரண்டு பாடங்கள். மாமியார் கேட்ட கேள்விக்கு மூவருக்கும் மூன்று பதில் இருக்கிறது.