மன அழுத்தமும் மூளையின் சொந்த வலிநீக்கியும்

போடியிலிருந்து போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்வோர் பலர் எங்களிடம் சிகிச்சைக்கு வருகின்றனர். யானையைக் கண்டு ஓடிய ஒருவர், காலில் முள் தைத்ததை வீடு வந்த பின்னரே உணர்ந்ததாகச் சொன்னால் அது மிகையன்று. பேரச்சத்தில் மூளை தானே அபினையொத்த பொருள்களைச் சுரந்து வலியை அடக்குகிறது.

அபின்வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். கசகசாச் செடியின் பாலுக்காக மூளையில் ஒரு பூட்டு ஏன் இருக்கவேண்டும்? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் விடை கண்டனர்: அதற்குரிய சாவியை உடலே செய்துகொள்கிறது. அவர்கள் கண்ட பொருள் என்கெபலின். எண்டார்பினும் டைனார்பினும் பின்னர் அறியப்பட்டன.

இவற்றின் பணி வலியோடு முடிவதில்லை. மூளைத்தண்டில் விழிப்பைக் கூட்டும் சிறிய நரம்பணுத் தொகுதி ஒன்றுண்டு. அழுத்தம் அதை முடுக்குகிறது, என்கெபலின் தணிக்கிறது. ஆபத்து நீங்கியபின் நெஞ்சப் படபடப்பு அடங்குவதற்கு இதுவும் துணைசெய்கிறது. கடன், நோய், குடும்பப் பூசல் என அழுத்தம் நாள்தோறும் தொடர்ந்தால் நிலை வேறு. அப்போது மிகும் டைனார்பின் ஆறுதலைத் தராமல் மனக்கசப்பையே தருகிறது என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. மாறாக, நண்பர்களோடு கூடிச் சிரிக்கும்போது இதமளிக்கும் பொருள்கள் சுரப்பதை, பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2017இல் மூளைப் படங்கள் வழியே காட்டினர்.

குடும்பத்தார் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இடுப்புவலிக்கு எழுதிக்கொடுத்த டிரமடாலை, வலியில்லாத நாளிலும் “அதைப் போட்டால்தான் மனசு அடங்குது” என்று சிலர் விழுங்குகின்றனர். அவர்கள் கூறுவது பொய்யன்று. அம்மருந்தும் அதே ஏற்பிகளைத்தான் பற்றுகிறது. மாலையில் அருந்தும் மதுவின் இதத்திலும் எண்டார்பினுக்குப் பங்குண்டு. ஆனால் நாளடைவில் ஏற்பிகள் மந்தமடையும். அதே நிறைவுக்கு மாத்திரை கூடுதலாக வேண்டியிருக்கும். அது இல்லாத பொழுது பதற்றம் முன்னினும் கடுமையாகும். அளவு மீறினால் வலிப்பும் வரலாம். இம்மருந்து 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது காரணமின்றியன்று.

அத்தகையவரை ஏசாதீர்கள். மாத்திரையை ஒளித்துவைத்து ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டா. நடுக்கமும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க இயலும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெறுவோர் இதைப் படித்து அஞ்சவேண்டா. அதனைக் குறித்த வேளையில் கொடுத்தே வரவேண்டும். அடுத்த முறை வரும்போது, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, உடன் கொண்டுவாருங்கள்.