பூத்த மாந்தோப்பில் மருந்தடித்தார்கள். தேனீ செத்துப்போனால் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறோம். என் கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளிர் குழுக் கடனில் 24 தேனீப்பெட்டிகள் வாங்கினேன். கடந்த ஜனவரியில் மாம்பூவுக்காக வேப்பனப்பள்ளி அருகே தெரிந்தவர் தோப்பில் பெட்டிகளை வைத்திருந்தோம். பக்கத்துத் தோப்பைப் பூவோடு குத்தகை எடுத்தவர் ஆனேக்கல்காரர். பூ முழுக்க மலர்ந்திருந்த ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவருடைய ஆட்கள் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். மறுநாள் 17 பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. அவரிடம் போனில் கேட்டால், "என் பயிருக்கு நான் அடிக்கிறேன், உங்கள் தேனீயை யார் வரச் சொன்னது?" என்கிறார். நாற்றம் தாங்காமல் செத்த தேனீக்களைக் கூட்டி எரித்துவிட்டோம். காலி அடைகள் கோணிப்பையில் கிடக்கின்றன. உருக்கி மெழுகாக விற்றால் கடனுக்காவது ஆகும். போலீசில் வாய்மொழியாகச் சொன்னேன். அரசு நஷ்டஈடு தருமா? ஓசூர் கோர்ட்டில் வழக்குப் போடலாமா? அதற்குள் காலம் கடந்துவிட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மூக்கண்டப்பள்ளி

பதில்: முதலில், அந்த அடைகளை உருக்காதீர்கள். ஒரு துண்டைக்கூட விற்காதீர்கள். உங்கள் வழக்கில் மிஞ்சியிருக்கும் ஒரே பௌதிகச் சாட்சி அதுதான். மற்ற எல்லாவற்றையும் நீங்களே எரித்துவிட்டீர்கள்.

அரசு நஷ்டஈடு பற்றி நம்பிக்கை தர என்னிடம் ஒன்றும் இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்ட பயிர்களுக்கு மட்டுமே. தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் பயிற்சிக்கும் பெட்டிக்கும் பதப்படுத்தும் கூடத்துக்கும் உதவும்; பக்கத்துத் தோட்டத்து மருந்தில் செத்த தேனீக்கு ஈடு தராது. அப்படி ஈடு தருவது ஓர் அரசால் செய்ய முடியாத காரியமல்ல. அமெரிக்காவில் 1967 முதல் ஏற்பட்ட இழப்புகளுக்கு, பூச்சிமருந்தால் தேனீ இழந்தவர்களுக்கு அரசே பணம் கொடுத்த திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு நிதி இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020-ல் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாவையொட்டி இழப்பீட்டு நிதி பற்றிய பேச்சு இருந்தது. ஆனால் மசோதாவைக் காட்டி கோர்ட்டில் பணம் கேட்க முடியாது.

அடுத்து, உங்களைப் போன்ற பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம். "பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் அவர் மேல் கேஸ் போடலாம்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பெரும்பாலும் தயாரிப்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துவது. தன் சாகுபடியில் உள்ள நிலத்தில் ஒருவர் மருந்தைப் பயன்படுத்துவதற்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 38-ஆவது பிரிவு வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. குத்தகைக்காரரும் அந்த விலக்கின் நிழலில்தான் நிற்பார். கடைக்காரர் உரிமம் இல்லாமலோ, லேபிள் இல்லாத புட்டியையோ விற்றிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அதனால் கடைக்காரருக்குத் தண்டனை கிடைக்கலாம், உங்கள் கைக்குப் பணம் வராது.

போலீஸ் வழியும் சிரமம். விலங்குகளைக் கொன்று சேதம் விளைவிக்கும் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு உங்களுக்குச் சேதம் செய்யும் எண்ணமோ, சேதம் வரும் என்ற அறிவோ நிரூபிக்கப்பட வேண்டும். தத்துப்பூச்சிக்கு அடித்தேன் என்று அவர் சொன்னால், இது சிவில் விவகாரம் என்று நிலையத்தில் கைவிரிப்பார்கள். அதற்காகப் புகாரே எழுதிக் கொடுக்காமல் வந்தது சரியல்ல. எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தால், சம்பவம் நடந்த நாள் இன்னதென்று அரசுக் காகிதத்தில் பதிவாகியிருக்கும். இப்போது அந்தத் தேதியை நிரூபிக்க உங்கள் செல்போன் படங்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆக, உங்களுக்குத் திறந்திருப்பது உரிமையியல் நீதிமன்றம். அஜாக்கிரதையால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கும் வழக்கு. "உங்கள் தேனீயை யார் வரச் சொன்னது" என்ற அவருடைய கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் டட்டன் எதிர் ஏ.டி. வால்டர் என்ற வழக்கு. 1985-ல் தீர்ப்பாகி 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வெளியானது. எண்ணெய்வித்துப் பயிர் பூத்திருந்தபோது விவசாயி பூச்சிமருந்து அடித்தார். சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போர் கூட்டங்களை இழந்தார்கள். தேனீக்கள் அத்துமீறி நுழைந்தவை, அவற்றுக்கு நான் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை. பூத்த பயிருக்குத் தேனீ வரும் என்பது விவசாயிக்குத் தெரியும். ஆகவே அக்கம்பக்கத்துத் தேனீ வளர்ப்போரைப் பொறுத்து அவருக்குக் கவனக் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றமும் 2005-ல், தன் நிலத்தில் தேனீக்கள் மேய்வது தெரிந்தே மருந்தடிப்பவருக்குக் கடமை உண்டு என்றது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம். நம் அஜாக்கிரதைச் சட்டத்தின் வேரும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

கடமை இருந்ததா என்பதில் உங்கள் பக்கம் மோசமில்லை. மாமரத்தில் தத்துப்பூச்சிக்கு வழக்கமாக அடிக்கும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்றவை தேனீக்குக் கடும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டையும் குளோத்தியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018-ல் தடை விதித்ததற்குக் காரணமே தேனீக்கள்தான். இங்கே தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு டப்பாவுடனும் எச்சரிக்கைகள் அச்சிட்ட துண்டுத்தாள் இருக்க வேண்டும் என்பது விதி. அடித்த மருந்தின் துண்டுத்தாளில் தேனீ பற்றிய எச்சரிக்கை இருந்து, அதை மீறிப் பூ மலர்ந்த காலை வேளையில் அடித்திருந்தால், அஜாக்கிரதைக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஆட்கள் அடித்தார்கள் என்று குத்தகைக்காரர் தப்பிக்க முடியாது. வேலைக்கு வைத்தவர் பொறுப்பாளி. தோப்பின் சொந்தக்காரரை இதில் இழுக்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை.

பெட்டிகள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதை மட்டும் எதிர்த்தரப்பு விடாமல் கேட்கும். தோப்புக்காரரிடம் வாய்மொழி அனுமதி, மருந்தடிக்கும் ஆட்களிடம் வாய்மொழியாக ஒரு வார்த்தை. இதைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை. பெட்டி இறக்கிய அன்றே பக்கத்துத் தோப்புக் குத்தகைக்காரரின் போனுக்கு, "இங்கே 24 பெட்டிகள் வைத்திருக்கிறோம், மருந்தடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு சொல்லுங்கள், வாசலை மூடிக்கொள்கிறோம் அல்லது இடம் மாற்றிக்கொள்கிறோம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். செலவில்லாத அந்த ஒரு செய்தியை அனுப்பாமல் ஊர் விட்டு ஊர் பெட்டி கொண்டுபோகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

இப்போது வழக்கின் உயிருக்கு வருகிறேன். தேனீக்கள் செத்தன என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. அந்த மருந்தால்தான் செத்தனவா? இது ஒன்றுதான் வழக்கைத் தீர்மானிக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நோய் என்பார். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது பதிவான வரலாறு, அதைக் காட்டுவார். பட்டினி என்பார். மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்த பெட்டிகள்தானே, தொழிற்பேட்டைப் புகை என்றுகூடச் சொல்வார். ஆனால் சாக்புரூட் நோயில் செத்துப்போவது அடையில் உள்ள புழு. உங்கள் பெட்டிகளிலோ வளர்ந்த தேனீக்கள் ஒரே இரவில் வாசலில் குவிந்தன. நாக்கு நீண்டு கிடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை நஞ்சின் அடையாளங்கள் என்று ஒரு பூச்சியியல் வல்லுநர் கூண்டில் ஏறிச் சொல்லலாம். ஆனால் எந்த மருந்து என்பதை ஆய்வக அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோள விதையில் பூசிய குளோத்தியானிடின் தூசியாகப் பறந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்களைப் பாதித்தது. அங்கே செத்த தேனீக்களை உடனே சேகரித்து அரசு ஆய்வு நிறுவனத்தில் சோதித்தார்கள். நஞ்சு இன்னதென்று அறிக்கை வந்தது. தயாரிப்பு நிறுவனம் தேனீ வளர்ப்போருக்குப் பணம் கொடுத்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? கூட்டி எரித்தீர்கள். ஐந்து மாதம் பேசாமல் இருந்தீர்கள். இருநூறு முந்நூறு தேனீக்களைச் சுத்தமான டப்பாவில் அள்ளி ஃபிரீசரில் வைத்திருந்தால் போதும். எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பையூரில் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு விஞ்ஞானியை அழைத்து வந்து காட்டி ஒரு பக்கம் எழுதி வாங்கியிருக்கலாம். கடன் வாங்கி உழைத்த பெண்ணை இப்படிக் கடிந்துகொள்வது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேனீ செத்த வீட்டில் முதல் நாள் செய்யாததை எந்த வழக்கறிஞராலும் பிறகு செய்துகொடுக்க முடியாது.

மிஞ்சியது அடை. தேனீ கொண்டுவந்த மகரந்தம் அடையின் கண்ணறைகளில் இருக்கிறது. அந்த மகரந்தத்திலும் மெழுகிலும் பூச்சிமருந்தின் எச்சம் மாதக்கணக்கில் தங்கக்கூடும். உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்க வாய்ப்பு உண்டு. கோணிப்பையில் மெழுகுப்பூச்சி தின்றுவிடும் என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும். நாலைந்து பெட்டிகளிலிருந்து மகரந்தம் உள்ள அடைத்துண்டுகளைத் தனித்தனியாகப் பொதிந்து, பெட்டி எண்ணும் தேதியும் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி ஃபிரீசரில் வையுங்கள். உயிரோடு உள்ள 7 பெட்டிகளிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டும்.

நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்பினால், "வீட்டில் மருந்தைத் தெளித்து அனுப்பினார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே வழக்கைத் தாக்கல் செய்ததும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 10-ஏ-யின் கீழ் அறிவியல் ஆய்வுக்கு ஆணையர் நியமிக்கக் கோரி மனுப் போடுங்கள். நீதிமன்றத்தின் மூலமாகப் போகும் மாதிரிக்குத் தனி மதிப்பு உண்டு. அரசின் பூச்சிக்கொல்லிப் பரிசோதனை நிலையங்கள் கடை மருந்தின் தரத்தைச் சோதிப்பவை. உங்களுக்கு வேண்டியது எச்சத்தை அளக்கும் ஆய்வகம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அந்த வசதி இருக்கிறது. குத்தகைக்காரர் வாங்கிய மருந்தின் ரசீது, கடையின் இருப்புப் பதிவேடு ஆகியவற்றையும் நீதிமன்றம் வழியாக வரவழைக்கலாம். செல்போன் படங்களை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழுடன் தாக்கல் செய்தால்தான் அவை ஏற்கப்படும்.

ஓசூரில் வழக்குப் போட முடியாது. நீங்கள் குடியிருக்கும் ஊர் அதிகார எல்லையைத் தராது. அசையும் பொருளுக்கு நேர்ந்த கேட்டுக்கு, கேடு நடந்த இடத்திலோ எதிராளி வசிக்கும் இடத்திலோ வழக்கிடலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அதாவது கிருஷ்ணகிரி, அல்லது கர்நாடகத்தில் ஆனேக்கல். கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுங்கள், சாட்சிகளும் தோப்பும் அங்கேதான். தீர்ப்பு கிடைத்த பின் அவர் பணம் கட்டாவிட்டால், அதை ஆனேக்கல் நீதிமன்றத்துக்கு மாற்றி நிறைவேற்றிக்கொள்ளலாம். மாநில எல்லை அவருக்குக் கேடயமாகாது.

காலக்கெடு சம்பவ நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ஆகவே காலம் கடக்கவில்லை. ஆனால் சட்டம் தரும் மூன்று ஆண்டு வரை உங்கள் அடை காத்திருக்காது.

தொகை பற்றி: 17 பெட்டிக்கு மூன்று லட்சம் கேட்கலாமா என்கிறீர்கள். கேட்கலாம், நிரூபிப்பது நீங்கள். பெட்டியும் கூட்டமும் வாங்கிய ரசீது, குழுக் கடன் பாஸ்புத்தகம், முந்தைய ஆண்டுகளில் தேன் விற்ற கணக்கு இவை இல்லாமல் சொல்லும் தொகையை நீதிமன்றம் வெட்டிவிடும். பெட்டி இன்னும் உபயோகத்தில் இருக்கிறது; போனது கூட்டமும் அந்தப் பருவத்தின் தேனும் என்பதை மறக்க வேண்டாம். தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி இணையதளத்தில் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றும் உதவும். பதிவு இல்லையென்றால் அடுத்த பருவத்துக்கு முன் செய்துவிடுங்கள்.

பெண் என்பதால் உங்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசியில் கேட்க 15100. வழக்குக்கு முன்பே அவரை அழைத்துச் சமரசம் பேச அங்கே வழி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்கள் ஆதாரம் இருக்கும் நிலையில், நியாயமான தொகைக்கு அவர் ஒத்துக்கொண்டால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

மேலே சொன்னவை உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுக் கருத்து. படங்களையும் காகிதங்களையும் பார்க்காமல் வழக்கு வெல்லும் என்றோ தோற்கும் என்றோ யாரும் சொல்ல முடியாது. இந்தப் பதிலைக் காட்டி அவருக்கு நீங்களே நோட்டீஸ் எழுத வேண்டாம். தேதியோ பெயரோ பிசகினால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். கடன் பாஸ்புத்தகம், பெட்டி ரசீது, படங்கள் உள்ள போன், பெட்டிகளை ஏற்றிப்போன வண்டிக்காரரின் பெயர், தோப்புக்காரரின் போன் எண், அன்று உடனிருந்த இருவரின் பெயர் ஆகியவற்றுடன் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.