நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடும் முன்

ஒன்றியத்து நடுநிலைப் பள்ளிகளை விழுக்காட்டின்படி வரிசைப்படுத்திய பட்டியல் குறுவள மையத்தில் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்பதைத்தான். 12 பேர் உள்ள வகுப்பில் ஒரு மாணவர் வாசிக்கத் திணறினால் 8 விழுக்காட்டுக்கு மேல் சரியும். 60 பேர் உள்ள வகுப்பில் அதே ஒருவரால் 2 விழுக்காடுகூடக் குறையாது. சிறிய பள்ளிகள் ஓராண்டு உச்சியிலும் மறு ஆண்டு அடியிலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

அடுத்தது ஆசிரியர் பணியிடம். கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 8 வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு நிற்கவில்லை. அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒருவர் வேண்டும் என்கிறது. விகிதம் சரியாக இருந்தும் கணிதத்துக்கு ஆள் இல்லாத பள்ளியை மற்றதோடு ஒரே வரிசையில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வருகைப் பதிவில் உள்ளூர்க் கணக்கு ஒன்றும் உண்டு. அடி அண்ணாமலை 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமி இரவில் கடை போடும் வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கலாம், வராமலும் போகலாம். பாதையை விட்டு விலகிய ஊருக்கு அது சாதாரண நாள். (பார்வைக் குழு அன்றைக்கே வந்தால், கேட்கவே வேண்டாம்!) அந்த நாட்களின் வருகையைத் தனியே எழுதிப் பாருங்கள்.

சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வருபவர்களின் வாசிப்பு நிலை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். எட்டாம் வகுப்பில் அவர்கள் எட்டிய நிலையை அதே மாணவர்களின் தொடக்க நிலையோடு ஒப்பிட, சேர்க்கை முடிந்ததும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் குறித்து வைத்தால் போதும்.